அப்பாவின் ஏரி

ஒலூச் அண்ணா,

உகாலிக் களியும் ஒமேனா மீனும் மூடி வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்க அப்பாவின் படகை இன்று விற்றுவிடாதே. "பள்ளிக்கூடத்தையே பாதில விட்டவ, உனக்கு என்னடி தெரியும்?" என்று கேட்டாய். தெரியாதுதான். கார்டு மாற்றினால் நீ அப்பாவுக்கு ஏரியைக் காட்டும் அந்த வி.ஆர். கண்ணாடியில் படம் தெளிவாகத் தெரியலாம்.

ஆனால் நேற்று அந்தக் கண்ணாடியை அப்பாவுக்கு மாட்டிவிட்டதுமே மீட்டரில் காசு கட்டிப் போட்ட டோக்கன் தீர்ந்து கரண்டு போய், கண்ணாடியும் அணைந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அவர், "ஏரி நல்லாத் தெரியுது தாயி! நம்ம படகு வருது பாரு" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் வரிசை பிடிக்கப் போகிறேன். பத்து மணிக்குள் அவரை மட்டாட்டு வண்டியில் கூட்டி வா.

அடோயோ

கரண்டு போனதை அவரிடம் சொல்லாதே. ஏரி தெரிந்தது என்றே இருக்கட்டும்.