மூன்று கால் நலம்

அன்புள்ள வாயாடி மகளுக்கு,

நீ அங்கே சளி, இருமல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேர், நான்கு கால். அதில் மூன்று நலம். நான்காவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கால் அசைந்துவிட்டது என்று முந்தாநாள் உனக்குக் குரல் செய்தி அனுப்பினேனே, அசைந்தது நல்ல கால். மின்சாரம் எப்படி இருக்கும் என்று பழக்குவதற்காக அந்தப் பிசியோதெரபிப் பெண் முதலில் இடது காலில்தான் மெஷினின் மின்பட்டைகளை ஒட்டினாளாம். பாதம் சடக்கென்று எழுந்ததும் உனக்கும் சொல்லி, உன் அத்தைக்கும் சொல்லிவிட்டேன். அத்தையிடம் சொன்ன பிறகு வேறு யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா படுத்தபடியே, "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எது வலது, எது இடதுன்னு தெரியல இந்த மனுஷனுக்கு" என்றாள். பக்கத்துக் கட்டிலில் தோள்வலிக்கு ஒத்தடம் வைத்திருந்த பெயிண்டர் சிரித்த சிரிப்பில் ஒத்தடப் பை கீழே விழுந்தது.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. மாவுக்கட்டு முட்டிக்குக் கீழே நரம்பை அழுத்தியதால்தான் வலது பாதம் தொங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட மேலாளர் சொன்னது தெரியாது. வருகிற திங்கட்கிழமை அம்மா அவர் கண்ணெதிரே, தான் ஓட்டுகிற பள்ளி வேனில் உட்கார்ந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கி பிரேக்குக்கு மாற்றிக் காட்ட வேண்டுமாம். முடியாவிட்டால் வேறு டிரைவர். உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள் அம்மா, அதனால்தான் சொல்கிறேன். அன்றைக்கு அடுத்ததாக வலது காலில் பட்டைகளை ஒட்டி அந்தப் பெண் மெஷினின் குமிழைத் திருகினாள். ஒன்றுமில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள். அம்மா தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கு விளங்கவில்லை. தோலை ஈரப்பஞ்சால் துடைத்து, கொஞ்சம் தள்ளி ஒட்டி, மறுபடி திருகினாள். அப்போதும் இல்லை. நான் என் சட்டைக் காலரை மென்றுகொண்டிருந்தேன். இன்னும் தள்ளி ஒட்டியபோது தோலுக்கடியில் பல்லி வால் மாதிரி ஒரு துடிப்பு, பிறகு கட்டைவிரல், பிறகு பாதமே கொஞ்சம். நான் குதிக்கப் போனேன். அவள் கையைக் காட்டி உட்காரவைத்தாள். இது மெஷின் தூக்குவது, அம்மா தூக்குவதல்ல. அது தூக்கும்போது அம்மாவும் கூடவே தூக்கப் பார்க்க வேண்டும், தானாக எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள்.

இன்றைக்குப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, மெஷின் இல்லாமல் ஒருமுறை தூக்கச் சொன்னாள். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிடவே, கவனித்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நெற்றியெல்லாம் வியர்வை. "தூக்குதாங்க? எனக்காகப் பொய் சொல்லாதீங்க" என்றாள். தூக்குகிறது, ஒரு விரல் கனம் என்றேன். கண்ணைத் திறந்து, சிரித்து, மூக்கைச் சிந்தினாள். திரும்பி வந்த பிசியோதெரபிப் பெண்ணிடமும் அதையே சொன்னேன், அவள் குறித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா வேன் சாவியைத் தேடி எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறாள்.

நீ எடுத்து வைக்கிற அடியெல்லாம் நல்லபடியாக அமையட்டும், நீ நிறைவாக இருக்க வேண்டும். அம்மா போனில் பேசினால் காலைப் பற்றி நீயாக எடுக்காதே. அத்தை கூப்பிட்டால் போனையே எடுக்காதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா

பின்குறிப்பு: அம்மா இன்றைக்குத் தூக்கிய நேரத்தில் நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.