கட்டிலடியில் கிடந்த கண்ணாடி ஓடு

2.2.1983

என் கணவர் மௌத்தாகி, அடக்கம் செய்து இருபத்திமூன்று நாள். எனக்கு உம்மா இல்லாதபடியால் புருஷன் போனவள் வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தா முடியும்வரை, நாலு மாதமும் பத்து நாளும், அவருடைய உம்மா, என் மாமிதான் கூட இருக்கிறா. வந்ததும் அறை யன்னலைச் சாத்தி, கறுத்த சீலையை ஆணியடித்துத் தொங்கவிட்டா. றோட்டில் போகிற ஆண்கள் பார்க்கக்கூடாதாம். வீடு என் சீதனம். யன்னல் மட்டும் மாமியுடையது.

யன்னலடியில் அவர் கட்டிய சீமெந்துத் தொட்டி, நாலடிக்கு இரண்டடி. அதில் குளத்து மீன் ஐந்து. மேலே பலகைப் பெட்டியில் சல்லிக்கல், அதில் கங்குன் கீரை. முருங்கை நடவும் வளவில் இடமில்லை, அறைக்குள்ளேயே மீனும் கீரையும் வளர்ப்போம் ஹப்ஸா என்றார். மீனின் அழுக்கு கீரைக்கு எரு; கீரை தண்ணீரைச் சுத்தமாக்கித் திருப்பிக் கொடுக்கும். அவரும் அவருடைய கூட்டாளி பாண்டிருப்புக் குணம் மாஸ்டரும் ஒரு மாதம் படம் கீறினார்கள். தண்ணீரை மேலேற்ற மோட்டர் வாங்குமுன் நெஞ்சுவலி வந்துவிட்டது.

இப்போது நான்தான் மோட்டர். காலையில் நாற்பது வாளி, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நாற்பது.

13.2

மாமி தொட்டியை எட்டிப் பார்த்து, "இதுக்குள்ள ஆம்புள மீனும் கிடக்குமே, புள்ள?" என்றா. சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் சிரிப்பு. பிறகு அழுதேன்.

6.3

கங்குன் வெளுத்து நூலாக நீள்கிறது. தண்ணீர் நாறுகிறது. ஒரு மீன் மிதந்தது. வெளிச்சம் இல்லாமல் கீரை எப்படி வளரும்? யன்னலைத் திறக்கக் கேட்டேன்.

"என்ட மகன்ட பொண்டாட்டிய ஊர் கதைக்கிறத நான் கேக்கணுமா?"

31.3

இன்னொன்றும் போய்விட்டது. மூன்று மிச்சம்.

குணம் மாஸ்டர் வாசலுக்கு வந்தார். குரல் கேட்டது, பேச்சு விளங்கவில்லை. சும்மா சுகம் விசாரித்தாராம். தொட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா? அந்த மனிசனா?

"இல்ல" என்றா மாமி.

19.4

இரண்டு.

8.5

கடைசி மீனும் போயிற்று. இன்னும் பதினொரு நாள் பொறுக்கக் கூடாதா? யாரிடம் கேட்கிறேன் - மீனிடமா, அவரிடமா? பழக்கத்தில் நாற்பது வாளியும் ஊற்றினேன்.

19.5

இத்தா முடிந்தது. குளித்துவிட்டு வந்தேன். மாமி தன் கட்டிலடியிலிருந்து சாக்கில் சுற்றிய ஒன்றை இழுத்து என் முன்னால் வைத்தா. கண்ணாடி ஓடு. கூரையில் போட்டால் யன்னல் திறக்காமலே வெளிச்சம் வரும் என்று அன்றைக்குக் குணம் மாஸ்டர் கொண்டுவந்ததாம்.

"கூரையில ஏற ஆம்புளயத்தானே கூப்பிடணும். இத்தா ஊட்டுக்கு மேல ஆம்புள நிண்டா..." சாக்கை மடித்தா. "அவன்ட மீன் எண்டு எனக்குத் தெரியாதா, புள்ள?"

கத்தத்தான் வாயெடுத்தேன். ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள்! கட்டிலுக்குக் கீழே! மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா.

பக்கத்து வீட்டில் ஏணி வாங்கினேன். யாரையும் கூப்பிடவில்லை. நானே ஏறி, தொட்டிக்கு நேரே ஒரு ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓட்டைச் செருகினேன். றோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாமி ஏணியைப் பிடித்துக்கொண்டா.

உள்ளே போய்ப் பார்த்தோம். வெயில் நேராகத் தொட்டிக்குள் விழுந்தது. மீன் இல்லாத தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. அடிவரை தெரிந்தது.