அண்டாப் படத்தின் கடைசி அரை மணி நேரம்

என் தங்கை லட்சுமியைக் கட்டிக்கொண்டு, கூடவே என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட அன்பு மாப்பிள்ளை தங்கராசுக்கு,

நீங்கள் போய் இந்த மாசியோடு ஒரு வருசம். நினைவஞ்சலி விளம்பரம் போட பத்திரிகைக்காரத் தம்பி கடைக்கு வந்தான். போட்டோவுக்குக் கீழே போடுவதற்கு அவனிடம் பாட்டெல்லாம் தயாராக இருக்கிறது. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று. "தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்னப்பா இருக்கு?" என்று கேட்டேன். "அதுக்குத் தனியா இல்லைங்கய்யா. பொதுவா ஒண்ணு இருக்கு, போட்டுருவோமா?" என்றான். பொதுவாக வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். எங்கள் வியாபாரிகள் சங்கத்து மாத இதழில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கி, நானே எழுதுகிறேன். நான் எழுதி உங்களுக்குப் பழக்கமில்லை. கடை போர்டைத் தவிர என் கையெழுத்தில் நீங்கள் எதைப் பார்த்திருக்கிறீர்கள்?

விசயத்துக்கு வருகிறேன். அண்டாப் படம் போட்டார்கள், மாப்பிள்ளை. போன புதன்கிழமை, பகல் பதினொரு மணிக்கு.

மற்றவர்களும் படிப்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்தப் படத்துக்கு நல்ல செந்தமிழில் ஒரு பெயர் உண்டு. நம் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. கறுப்பு வெள்ளைப் படம். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற ஒருவர், ஒரு மண்டபத்தில் அண்டாவுக்குப் பின்னால் யாரோ விட்டுப்போன பிள்ளையை எடுத்து வளர்க்கிறார். பிள்ளை படிக்க வேண்டும் என்று வசதியான ஒரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிடுகிறார். வருசங்கள் கழித்து, யார் கல்யாணம் என்று தெரியாமலே அவனுடைய கல்யாணத்துக்கே சமைக்க வருகிறார். மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் பந்தியில் உட்கார்ந்து முதல் வாய் சோற்றை எடுத்து வைக்கிறான். கை அப்படியே நிற்கிறது.

சரியாக அந்த இடத்தில் மணி ஒன்றாகிவிடும். தெருமுனையில் மில் பஸ் ஆரன் அடிப்பான். நீங்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள்.

அது என்ன ராசியோ, அந்தப் படம் வருகிறபோதெல்லாம் உங்களுக்கு இரண்டாவது ஷிப்ட். வேடசந்தூர்ப் பக்கத்து மில்லுக்கு அந்த பஸ்ஸை விட்டால் போக முடியாது. இருபது வருசத்தில் நாலே நாலு தடவைதான் போட்டிருப்பார்கள். அந்த நாலு நாளும் காலை பத்தரைக்கே மில் சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, சோபா இருக்க, தரையில் உட்கார்ந்துகொள்வீர்கள். வருசம் முழுக்க ஒருநாள் கூடச் சாத்தாத கடையை விட்டு நானும் வந்து உட்காருவேன். முதல் தடவை நீங்கள் கடைக்கே வந்து கையைப் பிடித்து இழுத்தீர்கள். "குடம் ஒரு நாள் விக்காட்டி திண்டுக்கல்லு தண்ணி குடிக்காதா மச்சான்?" என்றீர்கள். எரியோட்டுக்கும் வேடசந்தூருக்கும் சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் கட்டிப்போய், பழைய இரும்புக்கு மாற்றி மேலே வந்தவன் நான். என்னை வியாபாரத்தை விட்டு எழுப்ப உங்கள் ஒருவரால்தான் முடிந்தது.

விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? படம் பாதி, விளம்பரம் பாதி.

"என்ன மச்சான், அந்த மனுசன் அழ ஆரம்பிச்சா உடனே சோப்பு விக்கிறான்?"

"அழுத மூஞ்சியக் கழுவ வேணாமா மாப்ளே?"

"உங்கள மாதிரி ஒரு ஏவாரிதான் உள்ள உக்காந்து படத்த வெட்டுறான்."

டிவி கம்பெனிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை அதே பேய்ப் படத்தைப் போடுகிறீர்களே, அந்தப் பேய்க்கே அலுத்திருக்கும். பழைய படங்களை வருசத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வைத்தால் என்ன? சரக்கு போகாது என்று நினைத்து மூலையில் போட்டுவைப்பதும் ஒரு வியாபாரத் தப்புதான்.

என் மகன், "போன்லயே தேடித் தாரேம்ப்பா" என்றான். தேடினான். இரண்டு பாட்டும் ஒரு காமெடியும்தான் கிடைத்தன. முழுப் படமும் இருந்திருந்தாலும் எனக்கு வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால் யார் பத்தரை மணிக்கு வந்து தரையில் உட்காருவார்கள்?

இப்போது உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேளுங்கள்.

நீங்கள் பஸ் ஏறியதும் நான் டிவியை அணைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். நாலு தடவையும் அதேதான். கடைசி அரை மணி நேரத்தை நான் பார்த்ததே இல்லை. மறுநாள் காலையில் நீங்கள் வந்து, "கடைசியில என்னாச்சு மச்சான்?" என்று கேட்பீர்கள். தெரியாது என்று சொல்லி வியாபாரம் செய்தவனில்லை நான். வாயில் வந்ததைச் சொல்வேன். இலையைத் தள்ளிவிட்டு ஓடி வந்து, சமையல்காரர் காலில் விழுந்தான் என்று முதல் தடவை சொன்னேன். அது எனக்கே மறந்துவிட்டதால் அடுத்த தடவை கையில் இருந்த தீத்தழும்பை வைத்து அடையாளம் கண்டான் என்றேன். மூன்றாம் தடவை, அடுப்பங்கரையிலேயே அவர் உயிர் போனது, யாருக்கும் தெரியவில்லை என்றேன். நாலாவதில் கல்யாணத்தையே கோயிலுக்கு மாற்றிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள், "அப்படியா! ச்சே, பாக்காமப் போயிட்டனே" என்பீர்கள். மில் இரைச்சலில் இந்த மனிதருக்கு ஞாபகமே தங்குவதில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

புதன்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு பத்திரிகையில் நிகழ்ச்சிப் பட்டியலைத் தினமும் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பொடி எழுத்தில் படத்தின் பெயரைப் பார்த்ததும் லட்சுமி வீட்டுக்குப் போனேன். "வா தாயி, சேந்து பாப்போம்" என்றேன். "நீங்க பாருங்கண்ணே. எனக்கு ஏலாது" என்று உள்ளே போய்விட்டாள். நீங்கள் அக்கா என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரியோ பேரனைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூர் போய் நாலு மாதமாகிறது. மகனைக் கடையில் விட்டுவிட்டு, தனியாக வந்து டிவியைப் போட்டேன். சோபாவில் உட்கார மனசு வரவில்லை. தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலிக்கிறது மாப்பிள்ளை, நீங்கள் எப்படி உட்கார்ந்தீர்கள்?

சோப்பு விளம்பரம் வந்தது. என்னை ஏச ஆளில்லை. மணி ஒன்றானது. அவன் கை நின்றது. தெருமுனையில் பஸ் ஆரன் கேட்டது. இன்றைக்கும் அதே நேரத்துக்குத்தான் வருகிறான். யாரும் எழுந்திருக்கவில்லை. பழக்க தோசத்தில் ரிமோட்டைக் கையில் எடுத்தவன், கீழே வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அவன் இலையைப் பார்த்தபடி, "யார் சமையல்?" என்று கேட்கிறான். "வெளியூர் ஆள், ஏன் கேட்கிறீர்கள்?" என்கிறார் மாமனார். அவன் சோற்றை விரலால் ஒருமுறை பிசைந்துவிட்டு, "உப்பு கொஞ்சம் குறைவு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பிக்கிறான். திரைக்குப் பின்னால் இதைக் கேட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் சிரிக்கிறார். பிறகு அடுப்பை அணைத்து, கரண்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு மாட்டுவண்டியில் ஏறிப் போய்விடுகிறார். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

அவனுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா? தெரிந்துதான் அப்படிச் சொன்னானா? அந்த மனிதர் எதற்காகச் சிரித்தார்? கேட்பதற்கு வீட்டில் சுவர்தான் இருந்தது.

நான் எழுந்திருப்பதற்குள் போன் அடித்தது. உங்களோடு மில்லில் வேலை பார்த்த எரியோட்டுப் பெருமாள். அவனுக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட் போல, வீட்டில் இருந்து பார்த்திருக்கிறான்.

"அண்ணே, படம் பாத்தீங்களா? முடிவ வெட்டிட்டாய்ங்கண்ணே!"

"என்னப்பா சொல்ற?"

"இலையத் தள்ளிட்டு ஓடியாந்து கால்ல விழுகணும்ல? தங்கராசண்ணே எங்களுக்கு அப்படித்தானே சொல்லுவாரு. எங்க செட்டு முச்சூடும் அழுதிருக்கோம். இங்கிட்டு உப்பு கம்மிங்கிறான், திங்கிறான், அம்புட்டுத்தான்! விளம்பரத்துக்காக வெட்டிப்புட்டாய்ங்க. நீங்க பெரிய ஆளு, அவிய்ங்களுக்கு ஒரு லெட்டரு போடுங்கண்ணே."

"பாக்குறேம்ப்பா" என்று போனை வைத்தேன். என் பொய்யை வாங்கிக்கொண்டு போய் ஒரு மில்லுக்கே பகிர்ந்து கொடுத்திருக்கிறீர்கள். இத்தனை வருசமும் உண்மை என்று நம்பி, அந்த நம்பிக்கையோடேயே கண்ணை மூடிவிட்டீர்களே என்று நினைத்துக்கொண்டேன். சரக்கில் குறை இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வது என் கடைப் பழக்கம். உங்களிடம் எப்படித் திருப்பி எடுப்பேன்?

செருப்பை மாட்டிக்கொண்டு நேராக லட்சுமியிடம் போனேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு வருசமாக நான் கேட்காத சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

"அவருக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"முடிவு. எங்க கல்யாணத்துக்கு முன்னயே எரியோட்டுக் கொட்டகையில நாலு நாளு தொடந்து போயி பாத்தவரு."

அவளே சொன்னாள். "ஷிப்ட மாத்திக்கிட்டு முழுசா இருந்து பாருங்கன்னு நாந்தான் சொல்லுவேன். 'போடி, படத்து முடிவு எனக்குத் தெரியும். உங்கண்ணன் என்ன முடிவு சொல்லப்போறாருன்னுதான் தெரியாது'ம்பாரு. மறுநா உங்க வீட்டுல இருந்து வந்ததும் நடிச்சே காட்டுவாரு. கால்ல விழுகிறதுதான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு என்னைய வச்சு வேடிக்கை பாத்திருக்காரு."

"வேடிக்கை இல்லண்ணே. நீங்க குடம் அடுக்கி வச்சிருந்த கிட்டங்கி தீப்பிடிச்ச வருசம், சமையல்காரரு செத்துப்போறாருன்னு சொன்னீங்களாம்ல? அன்னிக்கு வந்து அவரு சிரிக்கல. 'உங்கண்ணன் மனசு சரியில்ல லட்சுமி, வெளிய காட்டிக்க மாட்டேங்கிறாரு. நான் செத்த நேரம் போயி கூட இருந்துட்டு வாரேன்'னாரு."

எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வருசம் நீங்கள் ஒரு மாதம் போலக் கடைக்கு வந்துகொண்டிருந்தீர்கள். ஷிப்ட் முடிந்த அசதியோடு வந்து, கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பீர்கள். வாங்குவதும் இல்லை, பெரிதாகப் பேசுவதும் இல்லை. வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து இடத்தை அடைக்கிறாரே என்று கூட மனதுக்குள் நினைத்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். எதிரே நிற்கிற ஆள் வாங்குவானா மாட்டானா என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவன் என்று ஊரில் எனக்குப் பேர். இருபது வருசம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

இந்த ஒரு வருசமாக என்னிடம் எல்லோரும் பேசுகிறார்கள். விலை கேட்கிறார்கள், நன்கொடை கேட்கிறார்கள், சங்கத் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள். "கடைசியில என்னாச்சு மச்சான்?" என்று கேட்கத்தான் ஆளில்லை.

லட்சுமி நன்றாக இருக்கிறாள். அவரைக்காய் வெஞ்சனம் வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். பெருமாளுக்கு மறுநாள் போன் செய்தேன். "முடிவு அதுதாம்ப்பா, யாரும் வெட்டல. உங்க தங்கராசண்ணே சொன்னது நான் கட்டிவிட்டது" என்றேன். அவன் நம்பவில்லை. "போங்கண்ணே, உங்களுக்குக் குடந்தான் விக்கத் தெரியும், கதையெல்லாம் எங்க தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

நிஜமான முடிவு உங்களுக்குப் பழசு. அதனால் ஐந்தாவதாக ஒன்று யோசித்திருக்கிறேன். கேளுங்கள். சமையல்காரர் கரண்டிச் சாக்கை வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி புறப்படப் போகிறது. மண்டபத்தில் இருந்து கல்யாண மாப்பிள்ளை வருகிறான். ஓடி வரவில்லை, நடந்துதான் வருகிறான். சாப்பிட்ட கையை இன்னும் கழுவவில்லை. காலில் விழவில்லை, அழவில்லை. வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்த நேரம் இருந்துட்டுப் போங்க" என்கிறான். அவ்வளவுதான். வண்டிக்காரர் பூட்டிய மாட்டை அவிழ்த்து மரத்தடியில் கட்டுகிறார்.

இதைச் சொன்னவனுடைய மனசு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தொலைக்காட்சிக்கு மாதம் தவறாமல் எழுதுவேன், அண்டாப் படத்தைத் திரும்பப் போடச் சொல்லி. அவர்கள் போடுகிற வரைக்கும் விடமாட்டேன், என்னைத்தான் தெரியுமே. போடுகிற அன்றைக்குப் பத்தரை மணிக்கு வீட்டில் இருப்பேன். மறுநாள் காலையில் நீங்கள் கேட்காமலே உங்களுக்கு ஆறாவது முடிவைச் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
லட்சுமிக்கு அண்ணன், உங்களுக்கு என்றைக்கும் மச்சான்.