ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை

உன் பென் டிரைவின் மூடியைத் திறந்ததும் மல்லாட்டைத் தோல் உதிர்ந்தது. வறுத்த வேர்க்கடலையின் சிவப்புத் தோல், உப்பு வாசனையோடு. டேட்டாவைச் சுத்தம் செய்வதில் நீ புலி. பென் டிரைவைச் சுத்தம் செய்வதில் எலி. சிரிக்காதே. உன்மேல் நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

உன் அண்ணன் கெடாரிலிருந்து திண்டிவனம் வரை வந்து, நம் கல்லூரி வாசலில் காத்திருந்து இதைக் கொடுத்தார். "இதுல உன் பேர்ல ஒரு ஃபைல் இருக்குதும்மா. உன்னாண்டயே குடுத்துட்டு வரச் சொல்லி அம்மா அனுப்பனாங்க." வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நம் டேட்டா வகுப்பு மேடம் கொடுத்த பயிற்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒரு கம்பெனியின் ஐந்து வருடப் பங்கு விலையை நாமே தேடி எடுத்து அலச வேண்டும். வகுப்பில் சிறந்த ஒருத்தி விழுப்புரத்தில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போவாள். அந்த ஒருத்தி நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி.

தேடியதும் முதலில் வந்த இலவச ஃபைலை இறக்கினேன். பார்த்தால் வாரத்துக்கு இரண்டு நாளைக் காணோம். யாரோ விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, காணாத நாளுக்கெல்லாம் நானே பூஜ்யம் போட்டு நிரப்பினேன். வரைபடம் சீப்பு மாதிரி வந்தது. நீ எட்டிப் பார்த்தாய்.

"இன்னாடி இது, உன் கம்பெனி வாராவாரம் செத்துச் செத்துப் பொழைக்குது? சனி ஞாயிறு மார்க்கெட் லீவுடி!"

வகுப்பே சிரித்தது. பிறரைச் சிரிக்கவைப்பது என் வேலை. அதையும் நீ பிடுங்கிக்கொண்டாய்.

நீயோ விழுப்புரத்தில் ரயில் ஏறினால் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவாய். முண்டியம்பாக்கம் தாண்டி சிக்னல் போய்விட்டால், விக்கிரவாண்டி வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஃபைலை இறக்குவாய். ஒரே கம்பெனியின் விலையை மூன்று இடத்தில் எடுத்து, தேதிக்குத் தேதி ஒத்துப் பார்த்தாய். ஓரிடத்தில் விலை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்காக விழுந்திருந்தது. நானாக இருந்தால் கம்பெனி திவால் என்று கட்டுரையே எழுதியிருப்பேன். ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள் என்று நீ கண்டுபிடித்தாய். எனக்கு வயிறு எரிந்தது. கேன்டீன் அடுப்பை என் வயிற்றில் வைத்திருந்தால் கேஸ் மிச்சமாகியிருக்கும்.

அதனால்தான் நீ கை கழுவப் போன நேரத்தில் உன் ஃபைலில் ஒரு வரியைச் செருகினேன். ஆயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு பொய் நாள். விலை இரண்டு மடங்கு. மேடம் முன்னால் நீ திணற வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. என் தயிர்சாதம் தீர்வதற்குள் பிடித்துவிட்டாய்.

"லூசு, கெழமைய பாத்து வெக்க மாட்ட? ஞாயித்துக்கெழமைடி இது!"

"ஏன், ஞாயித்துக்கெழமைல தொறக்கவே மாட்டாங்களா?" என்று விடாமல் கேட்டேன்.

"தீபாவளி ஞாயித்துக்கெழமைல வந்தா ஒரு மணி நேரம் தொறப்பாங்க. நீ வெச்சிருக்கறது ஆடி மாசம்!"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மேடத்திடம் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சொல்லவில்லை. மறுநாள் உன் பெயரை அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் பத்து நாள், எனக்காக நீ பை வைத்துப் பிடித்த இடத்தில் நான் உட்காரவில்லை. "வாடி, ரொம்பப் பண்ணிக்கினு இருக்காத" என்று நீ கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. பதினோராம் நாள் நீ வரவில்லை. ஐப்பசி மழைக் காய்ச்சல். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது மேடம் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை விழுப்புரம்.

பென் டிரைவில் என் பெயரிட்ட ஃபைலைத் திறந்தேன். உன்னுடைய டேட்டாதான். நான் செருகிய ஆடி ஞாயிறு அப்படியே இருக்கிறது. அதற்கு மஞ்சள் நிறம் பூசி, பக்கத்துக் கட்டத்தில் எழுதியிருக்கிறாய்: "இது அவ வெச்சது. அழிக்கக் கூடாது."

பக்கத்திலேயே உன் சுத்தமான ஃபைலும் இருக்கிறது. அதைக் காட்டினால் பரிசு நிச்சயம். ஆனால் ஜெயிப்பது மறுபடியும் நீதானே! அந்தச் சந்தோஷத்தை உனக்குத் தரமாட்டேன். நானே வேறொரு கம்பெனியைப் பிடித்து, மூன்று இடத்தில் எடுத்து, ஒத்துப் பார்த்து முடித்திருக்கிறேன். உன்னுடையதன் அளவுக்கு இல்லை. தெரியும். நீ சொல்லிக்காட்ட வேண்டாம்.

உன்னிடமிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த ஃபைலை இறக்கினாலும் முதலில் தேதிக்கெல்லாம் கிழமையைப் போட்டு ஞாயிற்றுக்கிழமையைத் தேடுகிறேன். எப்போதாவது ஒரு தீபாவளி வருகிறது. ஆடி ஞாயிறு வருவதே இல்லை. டேட்டா சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஏமாற்றமாக இருக்கிறது.