மேனிட்டால் குடிக்கும் மதியம்

அன்புள்ள வாலுக்குட்டிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு அது போதும். இங்கே உன் அம்மா நலம், நான் நலமா இல்லையா என்பது நாளைக் காலையில்தான் தெரியும். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துக் கை நடுங்குகிறதோ என்று நினைக்காதே, இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. நாளை என் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கப் போகிறார்கள், அதற்குக் குடல் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்க வேண்டுமாம், அதனால் மதியத்திலிருந்து ஒரு மருந்தை டம்ளர் டம்ளராகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். ஊரார் வீட்டுக் குழாய் அடைப்பையெல்லாம் எடுத்த மனுஷனுக்கு இப்போது அடைப்பு எடுக்கிறார்கள் என்று உன் அம்மா சிரிக்கிறாள். சிரிக்கிறாளே தவிர, குளியலறைக் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

மருந்தின் பெயர் மேனிட்டால். சர்க்கரை ஆல்கஹால் என்று ஒரு வகை இருக்கிறதாம், அதில் சேர்ந்தது. ஆல்கஹால் என்றதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன், போதையெல்லாம் ஏறாதுங்க, ரொம்ப நேரம் உட்காரவும் முடியாது என்றார் டாக்டர். தித்திப்பு என்றால் அப்படி ஒரு தித்திப்பு, எலுமிச்சை பிழிந்தும் குமட்டுகிறது. குடல் இதை உள்ளே இழுத்துக்கொள்ளாதாம், இதுதான் உடம்பின் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வெளியே வருமாம். போன மாதம் உன் அம்மா சர்க்கரை இல்லாத மிட்டாய்தானே என்று ஒரு பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு நாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தாள், அதிலும் இதன் பங்காளி ஒன்றுதான் இருந்ததாம். இதோ வருகிறேன்.

வந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு முதலில் பாஸ்பேட் உப்புக் கரைசல் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வைத்திருந்தேன், அவர் அதைத்தான் குடித்தாராம், அளவும் குறைவு. டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு அந்தப் பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்திலேயே படிந்துவிடலாமாம். வெந்நீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன், எனக்கு உடனே விளங்கிவிட்டது. உனக்கும் யாராவது பாஸ்பேட் எழுதிக் கொடுத்தால் என் சிறுநீரகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுக் குடி. உனக்கு எதற்கு என்கிறாயா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குப் போன வருடத்திலிருந்து ரத்தம் போகிறது. மூலம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். உன் பெரியப்பாவும் அதே பெயரைத்தான் வைத்தார், குடலில் புற்று என்று தெரிந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தெரிந்தும் நான் போகவில்லை, பயம்தான், வேறென்ன. உன் அம்மா அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், நான் அசையவில்லை. போன வாரம்தான் நீ அவளிடம் ரகசியமாகச் சொன்னதைச் சொன்னாள். உனக்கும் ரத்தம் போகிறதாம், மூலமாத்தான் இருக்கும், அப்பாகிட்ட சொல்லிடாதே என்றாயாம். அவளைத் திட்டாதே. மறுநாளே டாக்டரிடம் போய் நின்றேன், போகாதவன் உன்னைப் போ என்று எந்த வாயால் சொல்வது. அவர் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார், அண்ணனைச் சொன்னேன், உன்னையும் சொன்னேன், உங்க பொண்ணு இந்த ஊர்ல இருந்தா நாளைக்கே பக்கத்துப் படுக்கையில போட்டுப் பார்த்துடுவேன் என்றார்.

போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று பேச்சை மாற்றிவிடுவாய். இது உன் கைக்கு வரும்போது என் பரிசோதனை முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். கெட்டதாக இருந்தால் நீயே டாக்டரிடம் ஓடுவாய். நல்லதாக வந்தால்தான் எனக்குக் கவலை, அப்பாவுக்கே ஒன்றுமில்லை என்று சும்மா இருந்துவிடுவாய். என் குடல் வேறு, உன் குடல் வேறு. ஒழுகுகிற குழாய்க்குத் துணியைச் சுற்றிவிட்டு, சுவரெல்லாம் ஊறிய பிறகு கூப்பிட்டவர்களை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், என்னிடம் அந்தத் திட்டை வாங்காதே. லீவு இல்லை, பேத்திக்குப் பள்ளிக்கூடம் என்று சாக்குச் சொல்லாதே, மாப்பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

இன்னும் ஒரு டம்ளர் பாக்கி இருக்கு, கதை அளக்காம குடிங்க என்று உன் அம்மா சத்தம் போடுகிறாள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ எங்கள் ஆசி எப்போதும் உண்டு. சின்ன வயதில் கசப்பு மருந்து என்றால் அப்பா முதல்ல குடிச்சாத்தான் குடிப்பேன் என்று அடம் பிடிப்பாய், நானும் ஒரு வாய் குடித்துக் காட்டுவேன். கடைசி டம்ளரையும் குடித்துவிட்டேன், வாலு. இனி நீ குடி.

இப்படிக்கு,
முதலில் குடித்த உன் அப்பா