கனெக்டரிலிருந்து மூன்று விரல் தள்ளி

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தேன்.

கஸ்டமர் திருப்பி அனுப்பிய கேபிள்கள் என் டெஸ்ட் மேசையில். சிக்னல் முழுசாகப் போகாமல் எதிரொலி மாதிரி திரும்புகிறதாம். நெட்வொர்க் அனலைசரில் போட்டு, எதிரொலி எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்தேன். திரையில் ஓடும் கோட்டில், எல்லாவற்றுக்கும் கனெக்டர் பக்கம் ஒரே தடித்த மேடு.

சூப்பர்வைசர் தயாளன் சார் எட்டிப் பார்த்தார். "கனெக்டரா? அப்ப ஸ்டெல்லா வேலைதான். ஆகஸ்ட் பதினஞ்சு லீவு முடிஞ்சி வேலைக்கு வரவேணாம்னு சொல்லிடலாம்."

கனெக்டரை அழுத்திப் பொருத்துவது ஸ்டெல்லா. கும்மிடிப்பூண்டியில் அவள் வேலை பார்த்த கம்பெனியை மூடியபிறகு இங்கே காக்களூருக்கு வந்தவள். புருஷனுக்கும் வேலை இல்லை. பேஜார்.

வாங்க: சீயக்காய், பால், குடைக்கு ஒரு கம்பி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை. சார் சொன்னது ஸ்டெல்லா காதுக்கு எட்டிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"ஒண்ணொண்ணா இழுத்துப் பாத்துக்கினுதாங்க்கா அனுப்பறேன். உன் மிஷினு இன்னாத்த பாத்துச்சி?"

மேசைக்குத் திரும்பினேன். எரிச்சல், அவள்மேல் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

அனலைசரில் விண்டோ என்று ஒரு செட்டிங். எப்போதும் 'மேக்ஸிமம்'. கோடு வழவழவென்று வரும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். யாரோ வைத்தது, யாரும் தொட்டதில்லை. இன்று 'மினிமம்' ஆக்கினேன்.

ஐயோ. கோடு முழுக்கச் சின்னச் சின்ன அலை. கேபிள் நெடுகப் பழுது மாதிரி. பயந்து பழையபடி மாற்றப் போனவள் அப்படியே நின்றேன். தடித்த மேடு இரண்டாகப் பிரிந்திருந்தது! கனெக்டரில் சின்னது. மூன்று விரல் தள்ளிப் பெரியது.

மறுபடி அளக்கவே இல்லை. முன்பு எடுத்த அளவேதான், விண்டோ மட்டும் வேறு. கோட்டை வழவழப்பாக்கினால் பக்கத்து மேடுகள் ஒட்டிக்கொள்கின்றன. கூராக்கினால் இல்லாத அலையெல்லாம் கிளம்புகிறது. நடுவில் 'நார்மல்' வைத்தேன். அலை அடங்கியது, இரண்டு மேடும் நின்றன.

உடம்பெல்லாம் சிலிர்ப்பு. கேபிளை வெட்டவில்லை, பிரிக்கவில்லை. இத்தனை வருஷம் இதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்று விரல் தள்ளி என்ன? நம்பர் அட்டை! பேக்கிங்கில் அதைப் பிளாஸ்டிக் டை பட்டையால் கட்டி இறுக்குகிற இடம். தடவினால் கேபிளில் லேசாகப் பள்ளம்; எதிரொலி அங்கிருந்துதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தயாளன் சார் நம்பவில்லை. "நீ எதையோ மாத்திக்கினு அவள காப்பாத்தற."

"அட்டை கட்டின இடத்தை அமுக்கிப் பாருங்க சார்."

அமுக்கினார். பெரிய மேடு எழும்பியது. கனெக்டர் மேடு அசையவில்லை. விட்டார், இறங்கியது. திரும்பத் திரும்ப அமுக்கினார், விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி. "எம்மாடி... உள்ளாற இருக்கறது அப்படியே தெரியுதே!" பிறகு பேக்கிங் பக்கம் திரும்பி ஒரே கத்தல். ஸ்டெல்லாவிடம், "சனிக்கிழமை சீக்கிரம் வந்துடு." அவ்வளவுதான்.

அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். சின்ன மேட்டின்மேல் விரல் வைத்தாள்.

"இதான் நானாக்கா?"

"ஆமாம், இதுதான் உன் வேலை."

"இத்தினூண்டா!"

சிரித்தாள். அழுதாள். விரலை எடுக்கவில்லை.