ரிப்போர்ட்டில் இருந்த சொல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு எப்போதும்போல மூட்டை மூட்டையாகத் துணி. மாலையில் ஆங்கில வகுப்பு. தினம் ஐந்து புதுச் சொற்கள். நேற்று டீச்சர் என் கட்டுரையைப் பார்த்து, "ரிமார்க்கபிள்!" என்றார். திட்டுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அருமை என்று அர்த்தமாம்! முன்னால் 'அன்' சேர்த்தால் நேர் எதிர். ஹாப்பி, அன்ஹாப்பி மாதிரி. நீயும் மனப்பாடம் செய்.

உன் தங்கை

பிப்ரவரி 2

என் செல்லத்துக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இருமல் விடவில்லை என்று நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வெளியூர் போயிருக்கிறார். பொறுக்காமல் நானே ரிப்போர்ட்டைப் பிரித்தேன். நுரையீரல், அன்ரிமார்க்கபிள். இதயம், அன்ரிமார்க்கபிள். எலும்புகூட அதேதான். நீ சொன்ன மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தேன். எதுவுமே நன்றாக இல்லை. மருந்துக்கடைக்காரரிடம் காட்டினால், "டாக்டரையே கேட்டுக்கோங்கம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தைக்க வாங்கிய பள்ளிச் சீருடைத் துணிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றை மறைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் நர்ஸ் பயிற்சியில் உனக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. அதை அடுப்பில் போட்டவள் நான்தான். அப்பா படுக்கையில் கிடந்தார். நீயும் போய்விட்டால் தனியாக என்ன செய்வேன் என்ற பயம். நீயோ மூன்று மாதம் தபால்காரருக்காக வாசலில் நின்றாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா

பிப்ரவரி 10

அக்கா,

அடக் கடவுளே! டாக்டர்கள் அந்தச் சொல்லைப் போட்டால் குறை எதுவும் இல்லை என்று அர்த்தம். வார்டு நர்ஸிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "உங்க அக்காவுக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்காங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு லிஃப்ட் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். நீ பிழைத்ததற்கா, நீ செய்ததற்கா, தெரியவில்லை. எனக்கு மூளை போதாது, அதனால்தான் இடம் கிடைக்கவில்லை என்று பதினெட்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போதைக்கு எனக்கு எழுதாதே.

பிப்ரவரி 21

கண்ணு,

டாக்டரும் அதையே சொன்னார். வெறும் சளியாம். வீட்டுக்கு நடந்து வரும்போது சந்தோஷப்படவே வெட்கமாக இருந்தது. எழுதாதே என்றாய். எழுதிவிட்டேன்.

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

உன் கடிதங்கள் ஆறும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரி கோபமாக வருகிறது. அடுத்த வரி சாப்பிட்டாயா என்று கேட்கிறது. எதை அனுப்புவது என்று புரியாமல் கிழித்துப் போடுகிறேன்.

அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பு. வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வந்துவிடாதே. உன்னைப் பார்த்ததும் திட்டுவேனா, கட்டிக்கொள்வேனா, எனக்கே தெரியாது. வீட்டிலேயே இரு. நாலு பேர் பார்க்காத இடத்தில் எது வருகிறதோ வரட்டும்.

தங்கை